பிதுக்காமல் பார்க்க முடியாது

இருபத்திரண்டு வருடமாகக் கோழிக்குஞ்சில் பொட்டை எது, சேவல் எது என்று பிரித்துக்கொண்டிருக்கிறேன். முட்டைக்கோழிப் பண்ணைக்குச் சேவல் தேவையில்லை. அதனால் குஞ்சு பொரித்த அன்றே ஒருவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துப் பிரித்துத் தர வேண்டும். நாமக்கல்லைச் சுற்றி இத்தனை பண்ணைகளில் கோழி நிற்கிறதே, அவ்வளவும் ஒருநாள் யாரோ ஒருவர் கையில் தலைகீழாகக் கிடந்து எழுந்தவைதான். ஆம்லெட் சாப்பிடும்போது நீங்கள் இதை நினைப்பதில்லை. நினைக்கவும் வேண்டாம். ஆனால் எங்களைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதியதில்லை என்ற கோபம் எனக்கு உண்டு. விவசாயியைப் பற்றி எழுதுகிறார்கள். தறி ஓட்டுகிறவரைப் பற்றி எழுதுகிறார்கள். லாரி டிரைவருக்குப் பாட்டே இருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் கிடையாது.

குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் எங்கள் வேலைக்குச் செக்ஸிங் என்று பெயர். அதை பஸ்ஸில் சொன்னால் பக்கத்து சீட்டுக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். அதனால் வெளியில் கேட்டால், “குஞ்சு பிரிக்கிறேன்” என்று சொல்லிவிடுவேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ராசிபுரத்திலிருந்து ஒரு வாத்தியார் எங்கள் ஹேச்சரிக்கு வந்தார். கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். கைத்தறி வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு நோட்டு. கொரியா நாட்டு எழுத்தாளர் ஒருவரின் கதைகளை இங்கிலீஷிலிருந்து தமிழில் பெயர்த்துக்கொண்டிருப்பதாகவும், அந்தக் கதைகளில் ஹேச்சரி வருவதாகவும், உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்றும் மேனேஜரிடம் கேட்டிருந்தார். மேனேஜர் என்னைப் பேசச் சொல்லி வாசல் கேட்டுக்கு அனுப்பினார். எனக்கு வாய் நீளம் என்பதால் அனுப்பியிருப்பார்.

எங்கள் ஹேச்சரியில் ஒரு சட்டம் உண்டு. யார் உள்ளே நுழைந்தாலும் குளிக்க வேண்டும். வெளியில் இருக்கும் நோய் உள்ளே வந்துவிடக் கூடாது. முதலாளி வந்தாலும் இதேதான். போட்டுவந்த துணியை வெளியே மாட்டிவிட்டு, தலைக்குக் குளித்து, உள்ளே கொடுக்கும் உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் போக முடியும்.

“சார், உள்ள வாரதுன்னா தண்ணி வாத்துக்கோணுங்க” என்றேன்.

“நான் காத்தாலயே குளிச்சாச்சு அம்மணி.”

“அது உங்க ஊட்டுக் குளியலுங்க. இது ஹேச்சரிக் குளியல். தலைக்கும் சேத்து.”

“திருநீறு போயிருமே.”

“போகுமுங்க. வேட்டியும் வெளியதானுங்க. உள்ள நீலப் பேன்ட் தருவாங்க.”

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிறந்ததிலிருந்து பேன்ட் போட்டதில்லையாம். கொஞ்ச நேரம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு, “நாம இங்கயே பேசிக்கலாமுங்களே” என்று வேப்பமரத்தடியில் கிடந்த காலி முட்டை அட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

நோட்டில் பதினேழு சொல் எழுதி வைத்திருந்தார். குஞ்சு வெளியே வரும் மெஷினுக்கு ‘பொரிப்பகப் பேழை’ என்று போட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஹேச்சர்னே போடுங்க சார். நாங்க அப்படித்தான் சொல்றோம். பேழைன்னா பொணப்பெட்டியாட்ட இருக்குது” என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. அடித்துவிட்டு, ஹேச்சர் என்று எழுதினார். அது எனக்குப் பிடித்தது. பதினேழு சொல்லுக்கும் பதில் சொன்னேன். குஞ்சை எப்படிப் பார்த்துப் பிரிக்கிறோம் என்பதை மட்டும் அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்ல வாயெடுத்தபோது, “அது புக்குலயே இருக்குதுங்க, இருக்குதுங்க” என்று அவசரமாக நோட்டை மூடினார்.

கிளம்புமுன் அந்த எழுத்தாளரைப் பற்றிச் சொன்னார். இப்போது அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி. கடற்கரையோரச் சின்ன ஊரில் நான்கு பெண்களில் மூன்றாவதாகப் பிறந்தவர். அப்பா கருவாடு காயப்போட்டு விற்றவர். பள்ளி முடித்ததும் காலேஜ் அனுப்ப வழியில்லை. குஞ்சு பிரிக்கும் பயிற்சிக்குப் போனார். அந்த நாட்டில் இந்த வேலை கற்றவர்களை உலகமெல்லாம் கூப்பிடுவார்களாம். இருபத்திரண்டு வயதில் ஐரோப்பாவில் குளிர்நாடு ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் போய், ஒன்பது வருடம் அங்கே ஹேச்சரியில் வேலை செய்தார். பாஷை தெரியாது. ரேடியோவில் தினமும் சொல்லும் மழை, பனி விவரத்தைக் கேட்டே பாஷை பழகினார். குஞ்சுப்பெட்டியில் விரிக்கும் காகிதத்தில் கதை எழுதிப் பழகினார். மணிக்கட்டு போனபிறகு ஊர் திரும்பினார். அங்கே புது வருடத்தன்று பத்திரிகைகள் கதைப் போட்டி முடிவைப் போடுவார்களாம். முப்பத்தாறு வயதில் அதில் ஜெயித்தார். இன்றைக்குப் பதினொரு புத்தகம்.

நான் வாயைத் திறந்துகொண்டு கேட்டேன்.

“நெசமாலுமே குஞ்சு பிரிச்சவங்களாங்க சார்?”

“ஆமாங்க. உங்க வேலைதான். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்.”

அன்றைக்கு மத்தியானம் எனக்கு வேலை ஓடவில்லை. எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி என்னைப் போலவே விளக்கடியில் உட்கார்ந்து கழுத்து வலிக்க வலிக்கக் குஞ்சு பார்த்துவிட்டு, எழுந்துபோய் அதை எழுதியும் இருக்கிறாள். பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம் சொன்னேன். “அந்தம்மாவுக்காச்சும் நல்ல சேர் குடுத்தாங்களான்னு கேளுக்கா” என்றாள். எங்கள் நாற்காலி அப்படி.

ஏழெட்டு மாதம் கழித்துப் புத்தகம் அச்சாகி வந்தது. வாத்தியார் முதல் பிரதியை நேராக என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். இந்த முறையும் கேட்டோடுதான். நாமக்கல்லில் வெளியீட்டுக் கூட்டம் வைக்கிறோம், அந்த எழுத்தாளர் கொரியாவிலிருந்து வீடியோவில் வருகிறார், தொழில் தெரிந்தவர் என்ற முறையில் நீங்கள் பத்து நிமிடம் பேச வேண்டும் என்றார். எனக்கு மேடைப் பயமில்லை. சரி என்றேன்.

படித்தேன். நன்றாக இருந்தது. என்னைப் போன்றவள் சொன்னால் நம்ப வேண்டும், ஏனென்றால் நன்றாக இல்லாததை நன்றாக இருக்கிறது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. ஒரு கதையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன், குப்பைக்கு வரும் காகிதத்தைப் பிரித்துப் பிரித்து எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டில் சமாதானம் என்று தெரிந்துகொள்கிறான். இன்னொன்றில், வெளிநாட்டில் இருப்பவள் ஊரில் தங்கை கல்யாணத்துக்குப் போக முடியாமல், அன்றைக்கு முழுவதும் நல்ல பட்டுடுப்பைப் போட்டுக்கொண்டு, அதற்குமேல் ஹேச்சரி உடுப்பை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறாள். யாருக்கும் தெரியாது. படிக்கும்போது எனக்குக் கண் கலங்கவில்லை, கோபம் வந்தது. லீவு கேட்டிருக்கலாம் இல்லையா அவள்?

எனக்கு ரொம்பப் பிடித்த கதையில் ஒருத்தி தினமும் ஒரே ஒரு சேவல் குஞ்சைத் தெரிந்தே பொட்டைப் பெட்டியில் போட்டுவிடுகிறாள். சேவல் குஞ்சுகளின் கதி உங்களுக்குத் தெரியாவிட்டால், ரோஸ் கலரும் பச்சைக் கலரும் பூசித் தெருவில் கூடையில் விற்கிறார்களே, அவை அதிர்ஷ்டசாலிகள் என்று மட்டும் சொல்கிறேன். கதையில் ஐந்து மாதம் கழித்து ஒரு பண்ணைக்காரன் போன் செய்து, ‘என் பண்ணை முழுக்கக் கூவுகிறது’ என்று கத்துகிறான். அவள் போனை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறாள். நானும் அப்படி எப்போதாவது செய்திருக்கிறேனா என்று கேட்காதீர்கள். எனக்கு வேலை வேண்டும்.

என் வீட்டுக்காரர் முட்டை வண்டி ஓட்டுகிறவர். கேரளா போய்வந்து மத்தியானம் படுத்துக்கிடந்தார். நான் படித்து நானே சிரித்ததைப் பார்த்து, “ஏனம்மிணி, கொரியாவுல இருந்து சம்பந்தம் பேசறாங்களா, இப்படிச் சிரிக்கறே?” என்றார்.

“நம்மளப் பத்தி எழுதியிருக்குதுங்க.”

“உன்னப் பத்தியா? அடிதடிக் கதையா?”

அந்தச் சந்தோஷம் கடைசிக் கதை வரைக்கும்தான். அதுதான் பெரிய கதை, புத்தகத்துக்குப் பெயரும் அதுதான். ஒரு பெண் ஹேச்சரியில் முதல் நாள் வேலைக்கு உட்காருகிறாள். விளக்கு சுடுவதும், குஞ்சின் தூசி மூக்கில் ஏறுவதும், வலது கட்டைவிரல் நகத்தை ஒட்ட வெட்டியிருப்பதும் எல்லாம் இருக்கிறது. குஞ்சை இடது கையில் எடுக்கிறாள். திருப்புகிறாள். பார்க்கிறாள். பெட்டியில் போடுகிறாள்.

நான் திரும்பப் படித்தேன். எடுக்கிறாள், திருப்புகிறாள், பார்க்கிறாள், போடுகிறாள்.

பிதுக்கவே இல்லை.

இதைக் கொஞ்சம் பச்சையாகத்தான் சொல்ல வேண்டும். பிறந்த குஞ்சின் வயிற்றில் பீ இருக்கும். அதன் பின்பக்கத்தைத் திறந்து உள்ளே கடுகளவு ஒரு மேடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் சேவலா பொட்டையா என்று சொல்கிறோம். முதலில் இடது கட்டைவிரலால் வயிற்றை மெல்ல அமுக்கிப் பீயைப் பக்கத்தில் இருக்கும் டப்பாவில் பிதுக்கிவிட வேண்டும். பிதுக்காமல் திறந்தால் எதுவும் தெரியாது, கண்ணிலேயே தெறிக்கும். இந்த வேலையில் முதல் நாள் கற்றுக்கொடுப்பது இதுதான். எனக்குக் கற்றுக்கொடுத்த ஆள் ஒரு வாரம் வேறெதையும் செய்ய விடவில்லை. பிதுக்கு, பிதுக்கு, அவ்வளவுதான். இதை மறந்துவிட்டு ஒருத்தி இந்த வேலையைப் பற்றி எழுத முடியாது. இட்லிக்கு மாவு ஆட்டாமலே இட்லி வெந்தது என்று எழுதினால் ஒத்துக்கொள்வீர்களா?

புத்தகத்தைத் தூக்கி எறிந்தேன். அது போய் வீட்டுக்காரர் காலில் விழுந்தது.

“என்னாச்சு, கொரியாக்காரி உன்னத் திட்டிப்போட்டாளா?”

“இவ குஞ்சையே கையில புடிச்சதில்லீங்க. பூராவும் புளுகு.”

அவர் எழுந்து உட்கார்ந்தார். நான் விவரம் சொன்னேன். “மத்ததெல்லாம் சரியாத்தான இருக்குதுங்கற? நகம் வெட்டுனது, தூசி…”

“யாராச்சும் சொல்லிக் கேட்டிருப்பாளுங்க. எட்ட நின்னு பாத்திருப்பா. எட்ட நின்னு பாக்கறவளுக்கு இது தெரியாது.”

“ஒரு பீக்கு இந்தக் கோவமா?” என்று அவர் திரும்பப் படுத்துக்கொண்டார்.

அவருக்குப் புரியவில்லை. எனக்கு அது பெரிய விஷயம். அந்த அம்மா உண்மையிலேயே இந்த வேலை செய்தவர் என்றால், அந்தப் பட்டுடுப்பு, கூவும் பண்ணை, எல்லாமே உண்மை. எங்களைப் பற்றி எழுதப்பட்ட ஒரே புத்தகம் இது. அவர் வேலை செய்யாமலே செய்ததாகச் சொல்லிப் பெயர் வாங்கியவர் என்றால், எங்களுக்கு இன்னமும் ஒன்றும் கிடையாது. அதைவிட மோசம், எங்கள் பெயரில் ஒருத்தி திருடிவிட்டாள்.

வாத்தியாருக்குப் போன் போட்டேன்.

“சார், அந்தம்மா பொய் சொல்றாங்க. இந்த வேலையே செஞ்சதில்லை. கூட்டத்துல அதைத்தான் பேசப்போறேனுங்க.”

“ஐயோ! அம்மணி, அப்படியெல்லாம் சொல்லலாமுங்களா? எதைப் பாத்துச் சொல்றீங்க?”

“எதைன்னு இப்ப சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க அந்தம்மாவுக்கு முன்னாடியே எழுதிப்போட்டுருவீங்க. மூஞ்சியப் பாத்து நானே கேக்கறேன்.”

“பெரிய எழுத்தாளருங்க…”

“இருக்கட்டுமுங்க. நானும் பெரிய குஞ்சு பிரிக்கறவதான்.”

அவர், பேசுவதற்கு முன் கேள்வியாகக் கேளுங்கள், பதில் சரியில்லை என்றால் எது வேண்டுமானாலும் பேசுங்கள் என்று கெஞ்சினார். அது நியாயமாகப் பட்டது. ஒத்துக்கொண்டேன்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. கீழே காதுகுத்து. ரேடியோ செட் அலறிக்கொண்டிருந்தது. மேலே நாற்பது பேர் இருப்பார்கள். மேஜையில் புத்தகக் கட்டுகள். சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி அதில் வீடியோவை விழவைத்திருந்தார்கள். வாத்தியாருக்குக் கொரியாமொழி தெரியாதே, அதனால் திருச்செங்கோட்டுப் பெண் ஒருத்தியை அழைத்திருந்தார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கொரியாக் கம்பெனியில் அந்தப் பாஷையை மாற்றிச் சொல்வதுதான் அவளுக்கு வேலை. லீவுக்கு வந்தவளைப் பிடித்துவிட்டார்.

வேட்டியில் அந்த அம்மா தெரிந்தார். குட்டை முடி, பெரிய கண்ணாடி, சாதாரண ஸ்வெட்டர். பின்னால் ஜன்னலோரம் மிளகாய்ச் செடித் தொட்டிகள். எழுத்தாளர் என்றால் பின்னால் புத்தக அலமாரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். மிளகாய்ச் செடியைப் பார்த்ததும் கோபம் கொஞ்சம் இறங்கியது. அப்படி இறங்கக் கூடாது என்று மறுபடி ஏற்றிக்கொண்டேன்.

வாத்தியார் அவரைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அந்த நாட்டில் விமரிசகர்கள் வெகுநாள் அவரைக் கண்டுகொள்ளவில்லையாம். சின்ன விஷயங்களை எழுதுகிறவர் என்று ஒதுக்கினார்களாம். ஐந்தாவது புத்தகத்துக்குப் பிறகுதான் பெயர் வந்ததாம். பிறகு என்னைக் கூப்பிட்டார். மைக்கை என் கையில் கொடுத்தார். வீட்டுக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்து, பார்த்துப் பேசு என்று கையால் சைகை காட்டினார்.

“வணக்கமுங்க. நான் இருபது வருசத்துக்கு மேல உங்க வேலையத்தான் செய்யறேன். ஒரே ஒரு கேள்வி” என்றேன். அந்தப் பெண் மாற்றிச் சொன்னாள். அந்த அம்மா முன்னால் குனிந்து உட்கார்ந்தார்.

“குஞ்சைத் திறந்து பாக்கறதுக்கு முன்னாடி என்ன செய்யோணும்?”

வாத்தியார் பின்னால் லேசாக இருமினார். அந்தப் பெண் மாற்றிச் சொன்னாள். அந்த அம்மா ஏதோ கேட்டார்.

“கேள்வி சரியாப் புரியலியாம்க்கா. எதைக் கேக்கறீங்கன்னு கேக்கறாங்க.”

“பீயை என்ன பண்ணுவாங்கன்னு கேளு கண்ணு.”

கூட்டத்தில் சிரிப்பு. அந்தப் பெண் முகம் சிவந்துவிட்டது. “அக்கா, எங்க கம்பெனியில இந்த வார்த்தை வந்ததே இல்லீங்க” என்றாள். பிறகு போனில் தேடி, ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

அந்த அம்மா சட்டென்று எழுந்து போய்விட்டார். வேட்டியில் நாற்காலியும் மிளகாய்ச் செடியும்தான் இருந்தன. கீழே ரேடியோ செட் மட்டும் பாடியது. “கோவிச்சுக்கிட்டாங்க” என்று யாரோ சொன்னார்கள். வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். ஓடிப்போய்விட்டாள், மாட்டிக்கொண்டாள் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அதில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

திரும்பி வந்தார். கையில் ஒரு மஞ்சள் காலுறையைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார். அதைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். இடது கை. குஞ்சின் முதுகு உள்ளங்கையில். தலை கீழே, மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில். கட்டைவிரல் வயிற்றில். ஒரு அமுக்கு. ஒரே ஒரு அமுக்குதான், மணிக்கட்டு ஒரு பக்கம் சாய்ந்து டப்பா பக்கம் போய், அதே ஓட்டத்தில் விளக்கு பக்கம் திரும்பி, வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வந்து சேர்ந்தன. கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. காலுறை வலதுபக்கப் பெட்டிக்குப் போனது.

மைக்கை மேஜையில் வைத்துவிட்டேன். அந்தச் சாய்ப்பு. மணிக்கட்டு அப்படிச் சாய்வது சொல்லிக் கேட்டு வராது, எட்ட நின்று பார்த்தும் வராது. அது என் கை.

அந்த அம்மா பேசினார். அந்தப் பெண் சொன்னாள். “பீயைப் பிதுக்கணும், வேறென்ன செய்வாங்கன்னு கேக்கறாங்க. அது கதையில முதல் பக்கத்துலயே இருக்குதே, உங்க புத்தகத்துல இல்லையான்னு கேக்கறாங்க.”

நான் திரும்பிப் பார்த்தேன். வாத்தியார் உட்கார்ந்திருந்த இடத்திலேயே சின்னதாகிவிட்டார்.

“சார்?”

“நாந்தாங்க எடுத்தேன்” என்றார் மெதுவாக. “நாலு வரி. கதைக்கு அவசியமில்லைன்னு பட்டுச்சு. காலேஜ் புள்ளைங்க படிப்பாங்க, கொஞ்சம் அருவருப்பா…”

“அருவருப்பா?” மைக் இல்லாமலே என் குரல் கீழே காதுகுத்து வரைக்கும் கேட்டிருக்கும். “இந்த ஊருல கோழிப்பீயை லாரி லாரியா வாங்கி மஞ்சக் காட்டுக்கும் குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் எருவாக் கொட்டறாங்க, அது அருவருப்பில்லையா? நீங்க அன்னிக்கு அஞ்சு நிமிசம் தண்ணி வாத்துட்டு உள்ள வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் அந்தம்மாவப் புளுகுணின்னு இந்தக் கூட்டத்துல சொல்லியிருப்பனே சார்! உங்க மானத்துக்காக அவங்க மானத்தை வாங்கியிருப்பனே!”

“தப்புதானுங்க.”

“தப்புன்னா திருத்துங்க.”

“அடுத்த பதிப்புல…”

“அடுத்த பதிப்பு வாரப்ப நான் இருக்கறனோ இல்லியோ. இப்பத் திருத்துங்க.”

வேட்டியில் அந்த அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சண்டை என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு சொன்னதை அந்தப் பெண் எங்களுக்குச் சொன்னாள். அந்தக் கதையை அவர் முதலில் அனுப்பியபோது அங்கே இருந்த ஆசிரியரும் அதே நாலு வரியைத்தான் எடுக்கச் சொன்னாராம். மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அதனால் அந்தக் கதை இரண்டு வருடம் அச்சாகாமல் கிடந்ததாம். வேறொரு பத்திரிகை அப்படியே போட்டதாம். “சார்மேல அவங்களுக்குக் கோவமில்லையாம். ஆனா அந்த நாலு வரி இல்லாம அது அவங்க கதை இல்லையாம்” என்றாள்.

வாத்தியார் எழுந்து, வேட்டியில் தெரிந்த அந்த அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். வயசான மனுசன் அப்படி நின்றது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. பையில் இங்கிலீஷ் புத்தகம் வைத்திருந்தார். மேடையிலேயே உட்கார்ந்து நாலு வரியையும் மாற்றி எழுத ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்றேன். ‘எச்சம்’ என்று எழுதினார்.

“அது காக்கா போடறதுங்க” என்றேன்.

‘மலம்’ என்று எழுதினார்.

“அது ஆஸ்பத்திரியில கேக்கறது.”

பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் எழுதினார். எழுதிவிட்டு அந்த எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “நாப்பது வருசம் தமிழ் நடத்தியிருக்கறேன். இதை இன்னிக்குத்தான் எழுதறேன்” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கீழே காதுகுத்துக்காரர்கள் எங்களுக்கு என்னவோ பரிசு கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்த ஒரு ஜெராக்ஸ் கடையில் அந்த நாலு வரியை டைப் அடித்துப் பிரதி எடுத்து வந்தார்கள். கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, “இதுக்கா இவ்வளவு அவசரம்?” என்று கேட்டாராம். சாப்பாட்டு மேஜையில் புத்தகங்களை அடுக்கி, கத்தரித்து, பசை தடவி, ஒவ்வொன்றிலும் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒட்டினோம். வீட்டுக்காரர் ஒட்டியதெல்லாம் கோணல். வாத்தியார் ஒட்டியதெல்லாம் நூல் பிடித்தது போல் இருந்தது. கொரியாவிலிருந்து அந்த அம்மா வீடியோவை அணைக்காமல், ஒரு கிண்ணத்தில் எதையோ சாப்பிட்டுக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சாயந்திரம் ஆகிவிட்டதாம். வேலை இல்லையா என்று கேட்கச் சொன்னேன். இதைவிட நல்ல நிகழ்ச்சி டிவியில் இல்லை என்றாராம்.

ஒட்டிக்கொண்டே பேசினோம். மணிக்கட்டு எங்கே வலிக்கும் என்று கேட்டேன். கட்டைவிரலின் அடிமூட்டைத் தொட்டுக் காட்டினார். நான் என்னுடையதைக் காட்டினேன். அவர் வெந்நீரில் உப்பு என்றார், நான் விளக்கெண்ணெய் என்றேன். சேவலைப் பொட்டைப் பெட்டியில் போடுவது நிஜமா என்று கேட்டேன். அவர் வாயில் விரலை வைத்துக் காட்டினார். நல்ல நாற்காலி கொடுத்தார்களா என்று எங்கள் ஹேச்சரிப் பெண் கேட்கச் சொன்னதையும் கேட்டேன். ஒன்பது வருடமும் மரப்பெட்டிதானாம். இதை அவளிடம் சொன்னால் இனி நாற்காலியைப் பற்றி முனகமாட்டாள் என்று நினைத்தேன். இன்னும் முனகுகிறாள்.

எல்லாம் முடிந்து கிளம்பும் நேரம், அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பெண் திரும்பி, “அக்கா, நீங்க ஒரு மணி நேரத்துல எத்தனை குஞ்சு பிரிப்பீங்கன்னு கேக்கறாங்க” என்றாள்.

“அவங்க எத்தனை பிரிப்பாங்கன்னு முதல்ல கேளு.”

கேட்டாள். அந்த அம்மா மோவாயைத் தூக்கிக்கொண்டு பதில் சொன்னார்.

“ஆயிரத்து ஐந்நூறாம்.”

ஆயிரத்து ஐந்நூறு! தப்பில்லாமல் பார்த்தால் எண்ணூறு, நல்ல கை என்றால் ஆயிரம். அதற்குமேல் போனால் பாதி சேவல் பொட்டைப் பெட்டியில் இருக்கும். எனக்குக் கற்றுக்கொடுத்த ஆள் தன் வேகம் ஆயிரத்து நானூறு என்பார், உட்கார்ந்து எண்ணினால் எழுநூறு தேறாது. இந்த வேலையில் வேகத்தைக் கூட்டிச் சொல்லாத ஒருவரை இன்றுவரை நான் பார்த்ததில்லை. சும்மா எட்ட நின்று பார்த்து எழுதுகிறவளாக இருந்தால் நெட்டில் பார்த்துச் சரியான கணக்கைச் சொல்லியிருப்பாள். இவ்வளவு கூசாமல் இந்தப் பொய்யைச் சொல்ல வேண்டும் என்றால் ஒன்பது வருடம் விளக்கடியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

“நான் ஆயிரத்து அறுநூறுன்னு சொல்லு கண்ணு” என்றேன்.

பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது.